முழங்கைக் கிழிசல்

அந்தக் கோட்டின் முழங்கைக் கிழிசலைத் தைத்தது குற்றம் என்றால் தையலக்காவின் கையைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். கிழிசலைக் கண்டால் அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் காலரில் நூல் பிரிந்திருந்தால்கூட விரல் துறுதுறுக்கும். ஒரு தடவை நிஜமாகவே தோளைத் தட்டி, "தம்பி, ரெண்டு நிமிஷம் திரும்பாம உக்காருங்க" என்று சொல்லி, அவர் இறங்குவதற்குள் தைத்தே முடித்துவிட்டாள். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் டிவி நாடகம் எடுக்கிற கம்பெனியில், துணிமணி அறையில் வேலை பார்க்கிறோம். அவள் தையல், நான் இஸ்திரி. அவளுக்குப் பதினோரு வருஷம், எனக்கு எட்டு. குடியிருப்பதும் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவு. அவள் வீட்டில் வெங்காயம் நறுக்கினால் என் கண் எரியும், அவ்வளவு பக்கம். ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்ட கதை இல்லை. முக்கால்வாசிக்கு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மீதிக் காலுக்கு, எங்கள் கட்டடத்துச் சுவர் மெல்லிசு.

துணிமணி அறை படப்பிடிப்புக் கொட்டகைக்குக் கீழே இருக்கிறது. பதினான்கு படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டித் தண்ணீர்க் குழாய்கள் ஓடும். மேலே யாராவது குழாயைத் திறந்தால் எங்கள் தலைக்கு மேல் கடகடவென்று சத்தம் போகும். ஒரு பக்கம் என் மேஜை, நீராவிப் பெட்டி, ஈரத்துணி உலர்த்த நீளக் கம்பி. இன்னொரு பக்கம் அக்காவின் மெஷின், ஊசிப்பெட்டி, ஒரு ஸ்டூல். நடுவே ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகப் பழைய காலத்துத் துணிகள். அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தக் காலத்துத் துணியைப் புதிதாகத் தைத்து, பிறகு அதைப் பழசாக்க வேண்டும். டீத் தண்ணீரில் முக்குவோம், உப்புத்தாளால் தேய்ப்போம், காலரைக் கல்லில் உரசுவோம். சில துணிகளை வேண்டுமென்றே கிழிப்போம். அந்த வேலை வந்தால் மட்டும் அக்காவின் முகம் சுண்டிப்போகும்.

"நல்ல துணிய நாமளே கிழிக்கிறோமே, இது தகுமாடி?" என்பாள்.

"சம்பளம் குடுக்கிறாங்க, கிழி அக்கா" என்பேன் நான்.

இவளுடைய கைக்குப் பயந்துதான் அந்த அறையில் ஒரு வழக்கம் வந்தது. கதைக்காகக் கிழித்த துணி என்றால் அதன் மேல் காஜாவில், அதாவது முதல் பட்டன் நுழைகிற துளையில், ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். சிவப்பு நூல் இருந்தால் தையலக்கா தொடக் கூடாது. இல்லாவிட்டால் தைத்துவிடலாம். மேலே படம் எடுக்கிற இடத்தில் ஏதாவது கிழித்தால், அங்கே கன்டின்யூட்டி பார்க்கிற பெண் நூலைக் கட்டித்தான் கீழே அனுப்ப வேண்டும். முந்தின காட்சியில் எப்படி இருந்ததோ அப்படியே அடுத்த காட்சியிலும் இருக்கிறதா என்று போட்டோ எடுத்து, நோட்டில் எழுதி, சரிபார்க்கிற வேலை அவளுடையது. எல்லோரும் அவளைப் போட்டோப் பொண்ணு என்பார்கள்.

அந்தச் சிவப்பு நூல் இருக்கிறதே, அது என் பிறவி எதிரி. மட்டமான நூல். ஈரம் பட்டால் போதும், சாயம் விட்டுவிடும். வெள்ளைச் சட்டையின் காஜாவைச் சுற்றி ரோஸ் நிறத்தில் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் நகக்கண் வெளுத்ததுதான் மிச்சம். வேறு நூல் வாங்கித் தாருங்கள் என்று மேனேஜரிடம் எட்டு வருஷமாகக் கேட்கிறேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், "பாக்கலாம்மா" என்பார். கடிகாரத்தைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை.

நாடகத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற ஒருத்தி. புருஷன் இல்லை. ஒரே மகளைக் கைவெந்து வளர்க்கிறாள். மகள் படித்துப் பெரிய இடத்துக்குப் போய், அம்மாவை யாருக்கும் காட்டப் பிடிக்காமல் ஒதுக்கிவிடுகிறாள். கடைசியில் அம்மாவே மகள் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். அவள் என்ன செய்தாள் மன்னிப்புக் கேட்க? எழுதினவரைக் கேட்டால், "அப்பதாம்மா ஜனங்க அழுவாங்க" என்றாராம். அழட்டும், எங்களுக்கென்ன!

அம்மாவாக நடித்த மூத்த நடிகையை எல்லோரும் பெரியம்மா என்போம், நல்ல மாதிரி. கோட்டு அளவு பார்க்க அவரே கீழே இறங்கி வருவார். ஒரு நாள் ஸ்டூலில் ஏறி நின்றபடி தையலக்காவைக் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கடைசிக் காட்சில நீயா இருந்தா எப்படி மன்னிப்புக் கேப்ப? அழுதுக்கிட்டேவா, அழாமலா?"

வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு அக்கா சொன்னாள்: "நான் கேக்கவே மாட்டேங்க. கையத் தூக்குங்க, அக்குள் பிடிக்குதா பாப்போம்."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் பெரியம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் போட்டோப் பொண்ணு தையலக்கா பெற்ற மகள்.

அந்தக் கம்பெனியில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். மகள் படிப்பை முடித்துத் தானாகவே விண்ணப்பம் போட்டு, தானாகவே வேலை வாங்கினாள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள்: "அங்க வந்து என் பொண்ணுன்னு யார்கிட்டயும் சொல்லிட்டு நிக்காதேம்மா. சிபாரிசுல வந்தவன்னு பேர் வந்துரும்."

"சரி, சொல்லல" என்றாள் அக்கா.

சிபாரிசு என்பது வாய்க்கு வந்த காரணம். அக்காவின் கழுத்தில் தொங்குகிற அளவுநாடா, மார்பில் குத்தியிருக்கிற ஊசிகள், மதியம் ரொட்டியைத் தகரடப்பாவில் வைத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது, இதெல்லாம்தான் உண்மைக் காரணம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணுக்கு ஆறு வயசு இருக்கும்போது தகப்பன் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை உறை, பள்ளிக்கூடத்து உடுப்பு, ஜன்னல் திரை என்று கைக்கு வந்ததையெல்லாம் தைத்து வளர்த்தவள்.

வேடிக்கை என்னவென்றால், கொட்டகையில் லைட் தூக்குகிறவன் முதல் டைரக்டர் வரை எல்லோரும் அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற மகள் மட்டும் "மேடம்" என்பாள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி எறியலாமா என்றிருக்கும்.

வீட்டிலோ கதை வேறு. பட்டன் போன சட்டை, தையல் விட்ட பை, ஓட்டை விழுந்த காலுறை எல்லாம் வாசல் அறை மெஷின் மேல் வந்து விழும். தைத்துக் கொடு என்று ஒரு வார்த்தை இருக்காது. காலையில் தைத்து மடித்து வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு போவாள். அதற்கும் ஒரு வார்த்தை இருக்காது. மெஷின் தானாகத் தைத்துக்கொள்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

சரி, கோட்டுக்கு வருகிறேன்.

அந்த வாரம் விடாத மழை. மழையிலேயே ஒரு காட்சி எடுத்தார்கள்: காய்ச்சலில் கிடக்கிற மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா ஓடுகிறாள். பெரியம்மா போட்டிருந்தது வெளிர் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. கதவைத் தாண்டும்போது முழங்கை தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்தால் நன்றாயிருக்கும் என்று டைரக்டருக்கு அந்த இடத்திலேயே தோன்றியிருக்கிறது. கிழித்தார்கள். இனி வருகிற காட்சியிலெல்லாம் அந்த முழங்கை கிழிந்தே இருக்க வேண்டும். இதெல்லாம் கீழே இருக்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டோப் பொண்ணு ஈரத்துணி மூட்டையோடு வந்தாள். படி இறங்கி வரவில்லை. மேல்படியிலேயே நின்றாள். வெளியே கார் ஹாரன் கேட்டது. நடிக்கிற பிள்ளைகள் அவளையும் ஏற்றிக்கொண்டு போகக் காத்திருந்தார்கள். "மேடம், துணி!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, மூட்டையை மேலிருந்தே உருட்டிவிட்டுப் போய்விட்டாள். அது பதினான்கு படியும் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

கோட்டை நான்தான் பிழிந்தேன். நான்தான் உதறிக் கம்பியில் போட்டேன். மேல் காஜாவில் ஒன்றும் இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

"ஐயையோ, முழங்கையப் பாரு! ஓடுறப்ப எங்கயோ மாட்டிக்கிட்டாங்க" என்றாள் அக்கா.

"நூல் இல்லக்கா. தைக்கலாம்."

அவள் தைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டின் உள்மடிப்பிலிருந்தே கம்பளி இழைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கிழிந்த வாயின் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அந்த இழைகளைக் கோத்தாள். நடுவில் ஒரு தடவைதான் நிமிர்ந்தாள், கழுத்துக்குச் சுளுக்கு எடுக்க. ஒரு மணி நேரம் கழித்து என் கையில் கொடுத்து, "எங்க கிழிஞ்சதுன்னு சொல்லு பாப்போம்" என்றாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"போக்கா, நீ மந்திரக்காரி."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கூடத்துக் காட்சி. நோயாளி, நர்ஸ் என்று நாற்பது பேர். பெரியம்மா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அரைநாள் நடித்தார். போட்டோவை வைத்துக் கோட்டைச் சரிபார்க்க வேண்டிய பெண் டீக் குடிக்கிற கூட்டத்தோடு அரட்டையில் இருந்திருக்கிறாள். அதற்கடுத்த நாள் எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தபோது, மழையில் கிழிந்த முழங்கை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முழுசாகிவிட்டது.

டைரக்டர் கத்தினது எங்கள் குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கீழே கேட்டது. மேனேஜர் பதினான்கு படியும் தடதடவென்று இறங்கி வந்தார். எட்டு வருஷத்தில் அவர் கீழே வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, சிவப்பு நூல் கட்டின துணியத் தொடக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நூல் இல்லைங்களே" என்றாள் அக்கா.

"கட்டித்தான் அனுப்பினேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. மழையில நின்னுக்கிட்டே கட்டினாளாம். நீங்க அறுத்துப் போட்டுட்டுத் தைச்சிருக்கீங்க. நாப்பது பேர மறுபடி கூப்பிடணும்! திங்கக்கிழமை காலைல மேல வாங்க. டைரக்டர் முன்னாடி பேசி முடிச்சுக்கலாம். இங்க இனிமே வேற ஆள் பாக்கணும் போல."

அவர் போன பிறகு அக்கா ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "கட்டினேன்னு சொன்னாளாமா?" என்று என்னைக் கேட்டாள். அவள் வேலை போவது ஒரு பக்கம். பொய் சொன்னது யார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். வெளியே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. ஜன்னல் இடுக்கில் ஒழுகாமல் இருக்கப் பழைய துணியை அடைத்திருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கும் முட்டையும் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. முழங்கை நைந்துபோன, பட்டன் வைத்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மகள் உள் அறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அழுதிருந்தாள், பொய் சொல்வானேன்.

"அம்மா, நாளைக்கு அவங்க கேட்டா, நூல் இருந்துச்சு, நான்தான் கவனிக்காம அறுத்துட்டேன்னு சொல்லிடு."

அக்கா ரொட்டியை அறுப்பதை நிறுத்தவில்லை. "நூல் இருந்துச்சா?"

"இருந்துச்சா இல்லையாங்கிறது இப்ப முக்கியமில்லம்மா."

"எனக்கு அதுதான் முக்கியம்."

"உனக்கு என்ன? எங்க போனாலும் தையல் வேலை கிடைக்கும். எனக்கு இது போச்சுன்னா அடுத்தவன் எவனும் சேத்துக்க மாட்டான். நாலு வருஷம் படிச்சிருக்கேன்!"

"தெரியும். அந்த நாலு வருஷமும் நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"ஆரம்பிச்சுட்டியா? எதுக்கெடுத்தாலும் சொல்லிக் காட்டு."

"சொல்லிக் காட்டலடி. இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "விட்டுக் குடுத்துரு அக்கா" என்றேன். "சின்னப் பொண்ணு. பெத்தவ நீ தாங்காம யாரு தாங்குவா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏ இஸ்திரி, நீயும் அந்த நாடகக்காரங்களோட சேந்து வசனம் எழுதப் போறியா? பெத்தவ, பெத்தவ! பெத்தவன்னா குப்பைத் தொட்டியா, ஆளாளுக்கு வேண்டாததக் கொண்டுவந்து கொட்ட?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"இந்தா பாரு. உனக்காக எவ்வளவோ விட்டுக் குடுத்தாச்சு. தூக்கத்த விட்டேன். கண்ணுல பாதிய விட்டேன். உன் அம்மாங்கிறதக்கூட அந்தக் கம்பெனி கேட்டுக்கு வெளியவே விட்டுட்டுத்தான் தெனமும் உள்ள போறேன். எனக்குன்னு மிச்சம் இருக்கறது என் வேலை ஒண்ணுதான். தையல்காரி பாக்காம தைச்சுட்டான்னு அது மேல ஒரு சொல் விழ விட மாட்டேன். முடியாது."

"அப்ப என்னைக் காட்டிக் குடுக்கப் போற."

"நீ என் பொண்ணுன்னு சொல்ல மாட்டேன். நீ கேட்ட, நான் ஒத்துக்கிட்டேன், அது அப்படியே இருக்கட்டும். ஆனா என் கையில தப்பு இல்லன்னு சொல்லுவேன். அது யார் தலையில போய் விழுதோ, அவங்க தாங்கிக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு அம்மாவா!" என்று மகள் அலறினாள்.

"ஆமா" என்றாள் அக்கா. "கிழங்கு வெந்துருச்சு. சாப்பிட வா."

மகள் உள்ளே போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். அக்கா இரண்டு கிழங்கையும் ஒரு முட்டையையும் உரித்து, உப்பும் மிளகும் தூவி, ரொட்டியோடு நிதானமாகச் சாப்பிட்டாள். என் தட்டிலும் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. "எப்படிக்கா சாப்பிட முடியுது உன்னால?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் தட்டைக் காலி பண்ணினாள்.

திங்கள் காலை மேலே போனோம். ஆஸ்பத்திரிக் கூடம் போட்டது போட்டபடி இருந்தது, வரிசையாக இரும்புக் கட்டில்கள். டைரக்டர் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியம்மா முகத்தில் பாதி மேக்கப்போடு நாற்காலியில் இருந்தார். போட்டோப் பொண்ணு கழுத்தில் கேமரா, கையில் நோட்டு. எங்களைப் பார்க்கவில்லை.

அக்கா கோட்டைக் கையில் மடித்து எடுத்துப் போயிருந்தாள். "ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றாள் டைரக்டரிடம்.

"கேளுங்கம்மா."

"இந்தக் கோட்டுல நூல எப்பக் கட்டினாங்களாம்?"

டைரக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "ஷாட் முடிஞ்ச உடனே" என்றாள் அவள் மெதுவாக. "மழையிலயே."

"கோட்டு நல்லா நனைஞ்சிருந்துச்சா?"

"ம்."

அக்கா மேனேஜர் பக்கம் கையை நீட்டினாள். "உங்க கைக்குட்டையக் கொஞ்சம் குடுங்க."

அவர் திருதிருவென்று விழித்துவிட்டுக் கொடுத்தார். நான் மடித்துக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டைதான். அக்கா மேஜையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து அதை நனைத்தாள். இடுப்பிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்து, ஒரு முழம் இழுத்து, கைக்குட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பிரித்துக் காட்டினாள். வெள்ளையில் ரோஸ் வளையம்.

"ஐயோ, என் கைக்குட்டை" என்றார் மேனேஜர்.

"எட்டு வருஷமா சொல்றேன், நல்ல நூல் வாங்குங்கன்னு!" என்று நான் அவரிடம் கத்தினேன். என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கா கோட்டை விரித்து மேல் காஜாவைக் காட்டினாள். "சொட்டச் சொட்ட நனைஞ்ச கோட்டு. இதுல நூல் இருந்திருந்தா இந்த எடம் சிவந்திருக்கணும். நீங்களே பாருங்க. பதினோரு வருஷமா நான் சிவப்பு நூல் கட்டின துணியத் தொட்டதில்ல. இப்பவும் தொடல."

பெரியம்மா எழுந்து வந்து காஜாவைத் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. டைரக்டர் பெருமூச்சு விட்டார். சின்ன வயசுக்காரர், சண்டை பிடிக்காதவர். "சரி விடுங்க. நீங்க பெரியவங்க. இந்தப் பொண்ண என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

இப்போது மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெண்ணும் நினைத்திருப்பாள், முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அக்கா. "அவங்க வேலை. அவங்களே பதில் சொல்லட்டும்."

கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் கட்டல" என்றாள். "கார் நின்னுச்சு. மறந்துட்டேன்."

அக்கா தலையை ஆட்டினாள். இடுப்பிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். கிழிசல் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் தைத்தவள், அங்கேயே ஒரு கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். போட்டோவைப் பார்க்கவில்லை. முடித்துக் கொடுத்தபோது, பிசிறு உட்பட மழையில் கிழிந்த அதே கிழிசல். டைரக்டர் போட்டோவையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார். மத்தியானத்துக்குள் நாற்பது பேரும் மறுபடி கட்டிலில் படுத்தார்கள்.

மகளுக்கு வேலை போகவில்லை. கேமராவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நிற்கிறவர்களை மேய்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அது வெயிலிலும் மழையிலும் தொண்டை கிழியக் கத்துகிற வேலை.

அதற்குப் பிறகு எதிர் வீட்டில் ஒரு வாரம் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பார்த்தேன். மகள், "அத்தை, உங்க வேலையப் பாருங்க" என்றாள். அக்கா, "இஸ்திரி, உன் வேலையப் பாரு" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் மகளும் ஒற்றுமை.

எட்டாம் நாள் காலையில் நான் அக்காவைக் கூப்பிடப் போனபோது மெஷின் மேல் அந்தப் பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. நைந்திருந்த முழங்கை இப்போது முழுசாகக் கிழிந்து, உள்ளங்கை போகிற அளவுக்குப் பிளந்திருந்தது. கூட்டத்துக்குள் எங்கேயோ மாட்டியிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் வழக்கம்போல் ஒரு வார்த்தை இல்லாமல் கொண்டுவந்து போட்டிருக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்!

அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் துறுதுறுத்தன, நான் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஊசிப்பெட்டியைத் திறந்தாள். சரிதான், தைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சிவப்பு நூலை எடுத்தாள். ஸ்வெட்டரின் மேல் காஜாவில் நுழைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்தில் ஓர் ஊசியையும் பச்சை நூல் உருளையையும் வைத்தாள்.

மகள் தலைவாரிக்கொண்டே வந்தாள். கண்டதும் சீப்பு பாதித் தலையில் நின்றது. "என்ன இது?"

"கம்பெனியில என்ன அர்த்தமோ, இங்கயும் அதேதான்."

"அம்மா, குளிருது. எனக்கு வேற ஸ்வெட்டர் இல்ல."

"ஊசி இருக்கு. நூல் இருக்கு. கை இருக்கு." அக்கா தகரடப்பாவைப் பைக்குள் வைத்தாள். "கேட்டிருந்தா தைச்சுக் குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை. இருவது வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வா இஸ்திரி, பஸ் போயிரும்."

படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கையையும் கோத்து இறுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். அவிழ்த்துவிட்டால் அவை ஓடிப்போய் அந்த ஸ்வெட்டரைத் தைத்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி இருந்தாள்.

அன்றைக்குத்தான் கடைசிக் காட்சி. பத்து மணிக்கு நான் இஸ்திரி போட்ட துணிகளோடு மேலே போனேன். வெளியே முற்றத்தில் முப்பது பேர் சாரலில் நின்றார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தக் கத்திக்கொண்டிருந்தாள் மகள். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முழங்கை பிளந்தபடியே இருந்தது. கழுத்துக்குக் கீழே சிவப்பு நூல் தொங்கியது. நூலை அறுக்கவும் இல்லை, கிழிசலைத் தைக்கவும் இல்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டத்தில் ஒருவன், "பாப்பா, உன்னையும் நாடகத்துல சேத்துட்டாங்களா? நூலெல்லாம் கட்டியிருக்கு!" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிவப்பு நூல் என்றால் என்ன என்று அங்கே தெரியாதவர்கள் கிடையாது.

குடை பிடித்தபடி வந்த பெரியம்மாவும் நின்றார். நூலைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார். "யாரும்மா இத உனக்குக் கட்டிவிட்டது?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் காது வரை சிவந்தது. சுற்றியிருந்தவர்களை ஒரு தடவை முறைத்தாள். அந்த முறைப்பு அப்படியே தையலக்காவுடையது. எனக்கு அதுவரை தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

"எங்கம்மா" என்றாள். குரல் உயர்ந்திருந்தது, முப்பது பேருக்கும் கேட்டது. "கீழ தையல் அறையில இருக்காங்களே, அவங்கதான் எங்கம்மா. அவங்க கட்டினது. யாரும் தொட வேணாம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா அந்த நூலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு மன்னிப்புக் காட்சியில் அவர் மன்னிப்பே கேட்கவில்லை, வாசலில் நின்று மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார், டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை நின்று பார்க்க எனக்கு எங்கே பொறுமை?

துணிகளை ஒரு கட்டிலில் போட்டுவிட்டுப் பதினான்கு படியும் விழுந்தடித்து இறங்கினேன். அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா கேட்டதை, அவள் முறைத்ததை, சொன்ன வார்த்தையை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

மெஷின் நின்றது. அக்கா நிமிரவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஊசியின் கீழே இருந்த துணியை நேராக்குவது போல் நேராக்கினாள்.

"இன்னும் மழையிலதான் நிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"போய்ச் சொல்லு" என்றாள். "அந்த நூல் சாயம் விடும். நனையாம பாத்துக்கச் சொல்லு."